வாடையா, கச்சானா? ராமநாதபுரம் காயல்களுக்கு முதன்முறை வருகிறவர்களுக்கு

சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு அரியமான் கடற்கரையில் வந்து இறங்கியது ஒரு கார்த்திகை மாதக் காலை. கடல் கலங்கிப்போய், பாசியையும் செத்தையையும் கரையில் குவித்துக்கொண்டிருந்தது. இறங்கினால் அலை முழங்காலுக்கு மேலே அடித்தது. நீச்சல் உடை போட்ட பிள்ளைகள் இரண்டும் சவுக்கு மரத்தடியில் நடுங்கிக்கொண்டு நின்றன. "குளம் மாதிரி கிடக்கும்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?" என்று கேட்டான். சொன்னது உண்மைதான். ஆனால் நான் சொன்னது சித்திரை மாதத்துக் கடலை. மாதத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இந்தக் கரைக்கு முதன்முறை வருகிறவர்கள் படம் பார்க்கிறார்கள், அறை பதிவு செய்கிறார்கள், என்ன சாப்பிடலாம் என்றுகூட விசாரிக்கிறார்கள். காற்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. முதலில் மாதம், பிறகுதான் இடம்

ராமநாதபுரத்துக்குக் கடல் இரண்டு. மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று கிழக்கே நீளும் நிலத்துக்கு வடக்கில் பாக் விரிகுடா, தெற்கில் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்பார்கள். வடக்குக் கடல் ஆழம் குறைந்தது. கரையோரத்தில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாத இடங்கள் உண்டு. அலையும் சிறியது. தெற்கே ஆழம் அதிகம், அலை பெரியது, நீவாடு வலுவானது. நீவாடு என்றால் நீரோட்டம். மீனவர்கள் வாயில் இந்தச் சொல்தான் வரும்.

இந்தப் பெயர்களை மட்டும் நம்பி வந்தால் சித்தப்பா மகன் கதைதான். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அப்போது வடக்குக் கரை முழுவதும் காற்றுக்கு நேர் எதிரே நிற்கிறது. பெண்கடல் கலங்கும், தெற்குக் கரைக்கு நிலமே மறைவாகிவிடும். சித்திரை கடைசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் காற்று. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிற அந்தக் காற்றில் ஆண்கடல் கொந்தளிக்கும், வடக்குக் கரை கண்ணாடி போல் கிடக்கும். குழந்தைகளோடு தண்ணீரில் இறங்க வேண்டுமா? கச்சான் காலத்தில் வடக்குக் கரைக்கு வாருங்கள், வாடைக் காலத்தில் தெற்குப் பக்கம் மறைவான இடம் தேடுங்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயணம் முடிந்தது.

பறவைக் கணக்கு வேறு. வலசை வரும் பறவைகள் மழைக்குப் பின்னால் திரளும். மார்கழியிலிருந்து பங்குனி வரை நன்றாகப் பார்க்கலாம். தண்ணீர் விளையாட்டு, பறவை இரண்டும் வேண்டுமென்றால் மாசியும் பங்குனியும்தான் என் தேர்வு. வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் பிடித்திருக்காது, பறவைகளும் முழுக்கக் கிளம்பியிருக்காது. வெயில் மட்டும் ஏறத் தொடங்கியிருக்கும்.

இன்னும் இரண்டு நாட்காட்டிக் குறிப்புகள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றும் நிரம்பி வழியும். தர்ப்பணத்துக்கு வருகிறவர்கள் கட்டாயம் வரட்டும். படகு ஓட்ட வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சுற்றுலாவுக்கு அதனால் தடை எதுவும் இல்லை. ஆனால் சந்தைக்கு வருவது பெரும்பாலும் நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வானிலை அறிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தால் நீங்களும் போக வேண்டாம், அவ்வளவுதான். கள்ளக்கடல் எச்சரிக்கை என்று ஒன்று வரும். எங்கோ தூரத்தில் கிளம்பிய பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவது அது. வானம் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதம் செய்யாதீர்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் அதற்கு விளக்கமே தேவையில்லை.

2. எந்த இடம் யாருக்கு

முதன்முறை வருகிறவர்களுக்கு மூன்று இடங்கள் போதும். தொண்டி போகும் வழியில் இருக்கும் காரங்காடு: அலையாத்திக் காடு, கழிமுகம், துடுப்புப் படகு. உச்சிப்புளிக்கு வடக்கே அரியமானும் அதை ஒட்டிய பிரப்பன்வலசையும்: மணற்கரை, ஆழமில்லாத கடல். கடைசியாகத் தனுஷ்கோடிக் காயல், அதாவது மணலுக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் ஆழமற்ற உப்புத் தண்ணீர்: பார்ப்பதற்கு மட்டும். இரண்டு பகல், ஒரு இரவு இருந்தால் மூன்றையும் பார்க்கலாம். ஒரே நாள்தான் என்றால் காரங்காடு மட்டும் போய்விட்டுத் திரும்புங்கள். மூன்றையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்ப்பவர்களை அறிவேன். அவர்களிடம் படங்கள் இருக்கின்றன, வேறொன்றும் நினைவில் இல்லை.

3. வந்து சேர்வது

மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கும் மதுரைதான் இறங்குமிடம். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் ரயில்கள் இரவில் கிளம்பிக் காலையில் வந்து சேரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய தூக்குப் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் போகிறது.

தங்குவதற்கு எல்லாரும் ராமேஸ்வரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் ராமநாதபுரம் டவுனைச் சொல்வேன். காரங்காடு ஒரு பக்கம், ராமேஸ்வரம் இன்னொரு பக்கம் என்று நடுவில் இருக்கிறது, வாடகையும் குறைவு. கோயில் தரிசனமும் சேர்த்து வருகிறீர்கள் என்றால் முதல் இரவு இங்கே, அடுத்த இரவு ராமேஸ்வரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சாலையில் போகும்போது ஒரு கவனம். உச்சிப்புளி அருகே கடற்படையின் விமானதளம், ஐஎன்எஸ் பருந்து, இருக்கிறது. அந்தப் பக்கம் கேமராவை எடுக்க வேண்டாம். இந்தக் கரை முழுக்க எல்லைப் பகுதி. ட்ரோன் பறக்கவிடும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆதார் அட்டையை மட்டும் எடுத்து வாருங்கள். கடலோரக் காவல் குழுமத்தினர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

4. பையில் என்ன

செருப்பு முதலில். கழிமுகச் சேற்றில் இறங்கும்போது காலில் நழுவாமல் நிற்கிற, பின்பக்கம் வார் உள்ள பிளாஸ்டிக் சாண்டல் வேண்டும். பிள்ளைகளின் பழைய கேன்வாஸ் ஷூ இன்னும் நல்லது. அலையாத்தி வேர்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி. ரப்பர் செருப்பு சேற்றிலேயே மாட்டிக்கொள்ளும், வெறுங்கால் கிழியும்.

முழுக்கை பருத்திச் சட்டை, கட்டுக் கயிறு உள்ள தொப்பி, துண்டு, மாற்றுத்துணி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காய அரைநாள் ஆகும். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நெகிழிப் பைகளுக்கு 2019 முதல் தடை இருப்பதால் தண்ணீரைச் செம்பிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ கொண்டுவந்தால் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கையில் ரொக்கம் வையுங்கள். கிராமத்துக்குள் போன பிறகு ஏடிஎம் தேட முடியாது. போனுக்குத் தண்ணீர் புகாத உறை. அதுவும் கழுத்தில் தொங்குகிற மாதிரி. என் பழைய போன் ஒன்று கோட்டக்கரையாற்றுச் சேற்றுக்குள் எங்கோ கிடக்கிறது.

கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் போனில் பதிந்துகொண்டு, ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். காரணம் மேலே சொன்ன அதே போன்தான்.

5. காரங்காடு: காலை ஏழு மணிக்கே

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியைப் பார்த்துப் போங்கள். காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சாலையிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் இடத்தில் பலகை இருக்கும். வழி நெடுக உப்பளம் போல வறண்ட தரை, சீமைக்கருவேலம், நடுநடுவே பனை. இங்கேயா பச்சைக் காடு இருக்கப்போகிறது என்று சந்தேகம் வரும். கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடத்தில்தான் அந்தக் காடு.

ஊர் மீனவ ஊர். வனத்துறையும் ஊர்மக்களின் குழுவும் சேர்ந்து சூழல் சுற்றுலாவை நடத்துகிறார்கள். சீட்டு வாங்கும் இடத்தில் கட்டணம் எழுதியிருக்கும். படகுச் சவாரி, துடுப்புப் படகு எல்லாவற்றுக்கும் தனித்தனி. கட்டணம் அவ்வப்போது மாறும், பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் முதல் வேலையாக மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். நண்டு, இறால், மீன் அன்றன்று கிடைப்பதைப் பொறுத்து. சொல்லாமல் ஒரு மணிக்கு வந்து நின்றால் பசியோடு தொண்டிக்குப் போக வேண்டியதுதான்.

ஏன் ஏழு மணி? பகல் ஏற ஏறக் கடல்காற்று எழும். காலையில் தட்டுப்போல் கிடக்கும் தண்ணீர் பதினொரு மணிக்குச் சிலுசிலுவென்று அலைய ஆரம்பித்துவிடும். பறவைகளும் காலையில்தான் இரை தேடும்; வெயில் ஏறினால் கிளைகளுக்குள் ஒதுங்கிவிடும்.

முதலில் இயந்திரப் படகில் ஒரு சுற்றுப் போய்வருவது நல்லது, இடம் பிடிபடும். இருபக்கமும் அலையாத்தி. சேற்றிலிருந்து பென்சிலைக் குத்தி வைத்தது போல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். கீழே சேற்றில் காற்று கிடையாது. அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. இலையைப் பறிக்காமல் ஓரமாக நாக்கால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சும் உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடுகிற மரம் இது. தண்ணீர் வற்றிய நேரமென்றால் சேற்றுத்திட்டில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் கையை ஆட்டிக்கொண்டு நிற்கும். படகு நெருங்கினால் அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள்.

கிளைகளில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். சாம்பல் நாரை, வெண்கொக்கு, மீன்கொத்தி, மேலே வட்டமடிக்கும் செம்பருந்து இவையெல்லாம் பெரும்பாலும் கண்ணில் படும். குளிர்காலத்தில் சேற்றோரம் ஓடும் உள்ளான்கள் அதிகம். படகோட்டியிடம் கேளுங்கள், ஆனால் பறவைக்குப் பக்கத்தில் ஓட்டச் சொல்லி நச்சரிக்காதீர்கள். ஒருமுறை நான் அப்படிக் கேட்டபோது ஓட்டியவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "தம்பி, நாம சாப்புடுறப்ப யாராச்சும் வந்து எலைக்குள்ள எட்டிப் பாத்தா எப்புடி இருக்கும்?" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல.

கழிமுகத்தின் வாய் வரை போனால் கடல் தெரியும். அங்கே கடற்புல் படுகைகள் உண்டு. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அதே பாக் விரிகுடாவின் தென்பகுதிதான் நீங்கள் பார்ப்பது. ஆவுளியாவைப் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போகிறவர்களே எப்போதோ ஒருமுறைதான் பார்க்கிறார்கள்.

6. துடுப்பைப் பிடிக்கும் முன்

கயாக் என்கிற துடுப்புப் படகு கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைக் கரையோரத்திலேயே செலவிடுங்கள்.

உயிர்காப்புச் சட்டையைப் போட்டதும் உங்களோடு வந்தவரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறிவந்தால் அது உங்கள் அளவு இல்லை, அல்லது வாரை இறுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவைப் போட்டு "பரவாயில்ல, இறுக்கிக் கட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஏற வேண்டாம். இந்தக் கரையிலேயே வேறோர் இடத்தில், ஆறு பேருக்கு நான்கு சட்டைதான் இருக்கிறது என்றார்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க அரைமணி நேரம் வாக்குவாதம் செய்தேன். அது எனக்கு இன்றும் நல்ல செலவாகத்தான் தெரிகிறது.

படகில் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். துடுப்பைத் தோளகலத்துக்குச் சற்று அதிகமாக விட்டுப் பிடியுங்கள். கையால் மட்டும் இழுத்தால் கால்மணி நேரத்தில் தோள் வலிக்கும், இடுப்பைத் திருப்பி இழுக்க வேண்டும். வலப்பக்கம் இழுத்தால் படகு இடப்பக்கம் திரும்பும் என்பது முதல் ஐந்து நிமிடம் மூளைக்கு ஏறாது, அப்புறம் தானாக வரும். இருவர் படகு என்றால் வலுவானவர் பின்னால். முன்னால் உட்காருபவர் தாளம் கொடுக்க, பின்னால் இருப்பவர் அதைப் பார்த்து இழுக்க வேண்டும். கணவன் மனைவி முதன்முறையாக ஒரே படகில் ஏறினால் சண்டை நிச்சயம். தனித்தனிப் படகு கேளுங்கள்.

போகும்போது எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளட்டும். புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: காற்று தள்ளுகிற பக்கமே சுகமாகப் போய்விட்டு, திரும்பும்போது கை ஓய்ந்து நடுத்தண்ணீரில் நிற்பார்கள். வற்றுநீருக்கும் இதே கணக்குதான். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் குறுகிய ஓடையில் அந்த ஒரு முழத் தண்ணீர் இறங்கும்போது வேகம் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம். தண்ணீர் எப்போது வற்றும் என்று கரையில் இருப்பவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். இல்லையென்றால் சேற்றில் படகைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இயந்திரப் படகு கடந்து போனால் அதன் அலைக்கு உங்கள் படகின் மூக்கைத் திருப்பிக் காட்டுங்கள். விலாவைக் காட்டினால் கவிழும். கிளைகளைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், கையில் சிப்பி வெட்டும். கவிழ்ந்துவிட்டால்? இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்ற அவசரப்பட வேண்டாம். அடியில் சேறு, கால் புதையும். படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மல்லாந்த மாதிரி மிதந்து, ஆளைக் கூப்பிடுங்கள். நான் இரண்டு முறை கவிழ்ந்திருக்கிறேன். இரண்டு முறையும் காரணம் படம் எடுக்கத் திரும்பியதுதான்.

7. அரியமான், பிரப்பன்வலசை

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சாலையில் போய், உச்சிப்புளி தாண்டி இடப்பக்கம் வடக்கே திரும்ப வேண்டும். சவுக்குத் தோப்பு, நீளமான மணற்கரை, நல்ல நிழல். பங்குனி முதல் ஆவணி வரை குழந்தைகளை இறக்க இதைவிடப் பாதுகாப்பான கடலை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. பிரப்பன்வலசையில் நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை, கயாக் எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். காற்றாடி கட்டி அலையில் ஓடும் கைட் சர்ஃபிங் கற்க ராமேஸ்வரம் தீவுக்கு வருகிறவர்களும் உண்டு; அவர்களுக்கு வேண்டியது காற்று, அதனால் நாம் தவிர்க்கிற மாதங்கள்தான் அவர்களுக்குப் பருவம்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அரியமானுக்குப் போகாதீர்கள். கூட்டம், பாட்டுச் சத்தம், உடைந்த பாட்டில். வாரநாள் காலையில் அதே இடம் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

8. தனுஷ்கோடிக் காயல்: கண்ணுக்கு மட்டும்

இரண்டாம் நாள் விடியலில் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புங்கள். தனுஷ்கோடிக்கு அரசுப் பேருந்தும் உண்டு. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்குமேல் வேன்கள் மணலிலும் காயல் தண்ணீரிலும் தத்தளித்துத்தான் போகும். இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. சுகம்தான், ஆனால் எல்லாரும் முனைக்கு நேராகப் பறந்துவிடுகிறார்கள், வழியில் இருக்கும் காயலை யாரும் பார்ப்பதில்லை.

கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் இடத்தின் இருபுறமும், பிறகு சாலைக்கு வடக்கேயும் தேங்கிக் கிடக்கும் ஆழமற்ற தண்ணீரைப் பாருங்கள். இரண்டு பருவக் காற்றும் மாறி மாறி மணலை அள்ளி அணை போடுகின்றன. வாடைக் காலத்தில் கடல் தாழ்வான இடங்களில் ஏறி உள்ளே வருகிறது, மழைத் தண்ணீரும் சேர்கிறது. வெயில் ஏற ஏற வற்றி, உப்பு கூடி, ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு பூக்கிறது. அந்த உப்புத் தண்ணீரில் பெருகும் நுண்பாசியும் சின்னஞ்சிறு உயிர்களும்தான் ஃபிளமிங்கோ என்கிற பூநாரையின் தீனி. கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அரித்தெடுக்கும். அதன் இளஞ்சிவப்பு நிறம் தின்னும் தீனியிலிருந்து வருவது. நம் நாட்டில் இவை கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கட்ச் ரண்.

2025 ஜூனில் இங்கே ஏறத்தாழ 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே சாலையிலிருந்தே பாருங்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். கூட்டம் முழுக்கப் பறப்பதைப் படம் பிடிக்கக் கைதட்டுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒருமுறை எழும்பினால் அந்தக் காலை இரை போச்சு. இருகண் நோக்கி, அதாவது பைனாகுலர், ஒன்று இருந்தால் போதும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நின்றுகொள்ளுங்கள்.

அப்புறம் பழைய தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும், வந்துகொண்டிருந்த ரயிலும் போயின. இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் நிற்கின்றன. சுவரில் ஏறிப் படம் எடுக்காமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை. பக்கத்துக் குடிசைக் கடைகளில் பொரித்த மீன் நன்றாக இருக்கும், விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் குளிக்கவே கூடாது. கரை திடீரென்று ஆழமாகிறது, நீவாடு ஒரே நாளில் பக்கம் மாறும். காலை நனைத்துக்கொள்ளும் ஆசைகூட அங்கே வேண்டாம். சில போன்கள் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துவிடும். ரோமிங்கை முன்பே அணைத்து வையுங்கள். மாலையில் சோதனைச்சாவடி மூடும் நேரத்தைப் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு உள்ளே இருக்க விடமாட்டார்கள்.

தை முதல் பங்குனி வரை இந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. மணலில் பெரிய துடுப்பு இழுத்தது போன்ற தடம் தெரிந்தால் அதன்மேல் நடக்காமல் சுற்றிப் போங்கள்.

9. தீவுகளும் பவளமும்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று கணக்கு. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் மூழ்கிவிட்டன. தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று தனிப்படகுக்காரர் யாராவது சொன்னால் ஏறாதீர்கள்; வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்கினால் வழக்கு உங்கள்மேல். பாம்பன் குந்துகாலில் விசாரித்தால் குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு போகிறதா என்று தெரியும். 1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடமும் அதே குந்துகால்தான். படகு இல்லாவிட்டாலும் மாலை நேரத்தில் உட்கார நல்ல கரை.

கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவை பாதுகாக்கப்பட்டவை. செத்துக் கிடந்தது என்ற விளக்கம் எடுபடாது.

10. கடித்தால், கீறினால்

தெளிவில்லாத ஆழமற்ற தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு தெரிந்ததும் ஓடிவிடும். மிதித்தால்தான் வால் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள், முள்ளை நீங்களே பிடுங்க வேண்டாம்.

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் எரியும். மணல் போட்டுத் தேய்ப்பது, நல்ல தண்ணீர் ஊற்றுவது இரண்டும் கூடாது, எரிச்சல் கூடும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் நூலைத் தேய்க்காமல் இடுக்கியால் மெல்ல எடுங்கள். மூச்சு இளைத்தாலோ முகம் வீங்கினாலோ 108.

சிப்பி வெட்டு சிறிதாகத் தெரியும், மறுநாள் சீழ் வைக்கும். அன்றே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

அறைக்குத் திரும்பியதும் உப்புத் தண்ணீர் பட்ட சாண்டல், தொப்பி, கண்ணாடி, இருகண் நோக்கியின் வார் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். காருக்குள் வந்துவிட்ட தனுஷ்கோடி மணல் மட்டும் மூன்று மாதம் வரை உதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.